மலையேறி வந்த பிள்ளை

பழனிக்குப் போய் வராத தமிழ்க் குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். குழந்தைக்கு முதல் மொட்டை அங்கேதான் என்று வேண்டிக்கொண்டவர்கள், தைப்பூசத்துக்குக் கால்நடையாகவே நடந்து போனவர்கள், பஞ்சாமிர்த டப்பாவுக்காகவே போகிறவர்கள் என்று பல ரகம் உண்டு. மலைமேல் நிற்கும் அந்தப் பிள்ளையின் கதையை நம் வீட்டுக் குழந்தைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! கனி ஒன்று, பிள்ளைகள் இருவர். உலகத்தைச் சுற்றி வருகிறவனுக்கே கனி என்று போட்டி வைத்தார்கள். இளையவன் மயில்மீது ஏறி உலகமெல்லாம் சுற்றினான். மூத்தவன் அம்மையப்பனைச் சுற்றிவிட்டுக் கனியை வாங்கிக்கொண்டான். களைத்து வந்த இளையவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கோவணமும் கோலுமாக வீட்டை விட்டுப் புறப்பட்டு இந்த மலைக்கு வந்து நின்றுவிட்டான்.

பெரும்பாலும் நாம் கதையை இங்கேயே முடித்துவிடுகிறோம். அப்புறம் என்ன நடந்தது? “கோபம் தணிந்தால் தானே திரும்பி வருவான்” என்று பெற்றோர் கயிலாயத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டு அவர்களே புறப்பட்டு வந்தார்கள். “பழம் நீ அல்லவா?” என்று சமாதானம் சொன்னார்கள். அதனால்தான் ஊருக்கே பழனி என்று பெயர் வந்தது என்பார்கள் பெரியவர்கள்.

இந்தப் பின்பாதிக் கதைதான் இன்று நமக்கு வேண்டியிருக்கிறது.

பஸ் நிலையத்தில் ஒரு பையன்

ஒரு காட்சியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானல். மார்கழி மாதத்து இரவு. கடைசிப் பஸ்ஸும் வந்து நின்றாகிவிட்டது. குல்லாயும் கம்பளிச் சால்வையுமாக இறங்கிய உல்லாசப் பிரயாணிகள் எல்லாரும் விடுதிகளுக்குப் போய்விட்டார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை ஒன்று மட்டும் பெஞ்சியில் குன்றிப்போய் உட்கார்ந்திருக்கிறது. கையில் ஒரு பை. மேலே ஒரு மெல்லிய சட்டை. எங்கே போவதென்று அதற்கே தெரியாது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பஸ் நிலையத்தின் பெயரை மாற்றிவிட்டால் இது நாட்டில் நடக்காத காரியம் அல்ல. பரீட்சையில் தோற்றதற்காகவும் சினிமா ஆசையாலும் வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகளைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோம். இந்தப் பிள்ளையின் விஷயம் வேறு. ஆணாகப் பிறந்ததாக ஊர் சொல்கிறது. அதன் மனமோ ‘நான் பெண்’ என்கிறது. அல்லது பெண்ணாக வளர்ந்து, மனத்தளவில் ஆணாக வாழ்கிறது. அல்லது ஓர் ஆணுக்கு இன்னோர் ஆணிடமும், ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணிடமும் அன்பு பிறக்கிறது. திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர் என்றெல்லாம் இவர்களைக் கௌரவமாகக் குறிப்பிடத் தமிழில் இப்போது நல்ல சொற்கள் இருக்கின்றன.

இவர்களில் ஒருவர்கூடப் பிடிவாதத்தால் இப்படி ஆனவர் அல்ல. தன்பாலீர்ப்பு நோயல்ல என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1990-ஆம் ஆண்டிலேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டது. அது குற்றமும் அல்ல என்று நமது சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் மாறியது அடுப்பங்கரையில் மாறிவிடுகிறதா? “நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பேன்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். அப்பா கதவைக் காட்டுகிறார். அல்லது மந்திரவாதி, மருந்து, அவசரக் கல்யாணம் என்று ஏற்பாடுகள் நடக்கின்றன. பிள்ளை பையைத் தூக்கிக்கொள்கிறது.

மதுரையிலிருந்து சென்னைக்கு

இனிக் கற்பனையை விட்டு நிஜத்துக்கு வருவோம். கொடைக்கானல் மலையிலிருந்து பஸ் இறங்கினால் சில மணி நேரத்தில் மதுரை. அந்த மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், 2021-ஆம் ஆண்டு வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். இரண்டு வீட்டாரும் “பெண்ணைக் காணவில்லை” என்று போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். அறிந்தவர் யாருமற்ற பட்டணத்தில் அந்தப் பெண்களுக்குத் தங்க இடமும் பாதுகாப்பும் தேடிக் கொடுத்தவர்கள் தொண்டு நிறுவனத்தாரும், இவர்களைப் போலவே வாழ்க்கையில் அடிபட்ட மற்றவர்களுந்தான். அந்தத் துணை இருந்ததால்தான் அவர்களால் சென்னை ஹைகோர்ட்டின் படியேறிப் பாதுகாப்புக் கேட்க முடிந்தது.

வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்களிடம் வந்தது. அவர் செய்த காரியம் அபூர்வமானது. எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லாமல், பெண்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசும்படி அனுப்பி வைத்தார். பிறகு, இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தாமும் அதே ஆலோசகரிடம் சென்று பாடம் கேட்டார்! நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! நம்மில் எத்தனை பேர், பெற்ற பிள்ளை விஷயத்தில், “எனக்குப் புரியவில்லை; நீயே சொல், கேட்கிறேன்” என்று உட்கார்ந்திருப்போம்?

2021 ஜூன் 7-ஆம் தேதி அவர் பிறப்பித்த உத்தரவில் முக்கியமான சில விஷயங்கள் இருந்தன. காணாமற்போன புகாரின் பேரில் தேடும்போது, சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், தாங்களாகவே விரும்பிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸார் புகாரை முடித்துவிட வேண்டும். இவர்களை ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று வைத்தியம் செய்வது கூடாது. இருக்கின்ற தங்கும் விடுதிகளிலும் இல்லங்களிலும், வீடற்றுப்போன இத்தகைய எவருக்கும் இடம் கொடுக்கும்படி மாறுதல்கள் செய்ய வேண்டும். அந்த வைத்தியத்தைப் பற்றித் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைச் செய்கிற டாக்டர் தொழில் ஒழுக்கத்தை மீறியவர் ஆவார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 மே மாதம், அதே ஹைகோர்ட்டில் இன்னொரு வழக்கு. 25 வயதுப் பெண் ஒருத்தியை அவள் குடும்பத்தார் பலவந்தமாக வீட்டில் வைத்திருந்தார்கள். அடித்ததாகவும், ‘சரியாகி’விட வேண்டும் என்று சடங்குகள் செய்வித்ததாகவும் அவள் சொன்னாள். நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லக்ஷ்மிநாராயணனும் அவளை விடுவித்தார்கள். குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் அமைவதல்ல, மனம் விரும்பித் தேர்ந்துகொள்ளும் குடும்பமும் உண்டு என்றார்கள். அந்தத் தீர்ப்பிலே ஒரு தாயின் பெயரும் வந்தது: லீலா சேத். ஹிமாசலப் பிரதேச ஹைகோர்ட்டில் தலைமை நீதிபதியாகி, நாட்டிலேயே அந்தப் பதவியை முதலில் வகித்த பெண்மணி அவர். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாயார். தம் மகன் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமல், அவருக்காக 2014-இல் பத்திரிகையிலே எழுதினார். எல்லாத் தாய்மாரும் லீலா சேத் ஆகிவிடுவதில்லையே என்பது நீதிபதிகளின் ஆதங்கம்.

ஒரு கதவு திறந்தால்

வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு எங்கேயாவது ஒரு கதவு திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மதுரையே ஓர் உதாரணம் தந்திருக்கிறது. நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜை அறியாதவர்கள் சிலரே. மதுரையில் பிறந்த இந்தத் திருநங்கை, சிறு வயதிலேயே வீட்டாரின் கோபத்துக்கு ஆளாகி, தோழி சக்தியோடு வெளியேறினார். தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கே. பி. கிட்டப்பா பிள்ளை அவர்களைச் சிஷ்யைகளாக ஏற்றுக்கொண்டார். ‘நர்த்தகி’ என்ற பெயரை வைத்தவரும் அந்தக் குருதான். சுமார் 15 ஆண்டுகள் அவரிடம் பயின்ற நர்த்தகிக்கு 2019-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. திருநங்கை ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

சேலத்துப் பிரித்திகா யாஷினியும் அப்படித்தான். பட்டம் பெற்ற பிறகு 2011-இல் வீட்டைத் துறந்து சென்னைக்கு வந்தார். பெண்கள் விடுதி ஒன்றில் காப்பாளராக வேலை பார்த்தார். போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுத அனுமதி மறுக்கப்பட்டபோது கோர்ட்டுக்குப் போய், 2015-இல் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். 2017-இல் உடுப்பு அணிந்து கடமையில் சேர்ந்தார். நாட்டின் முதல் திருநங்கை சப் இன்ஸ்பெக்டர் அவர். ஒருவருக்குக் குரு கிடைத்தார். இன்னொருவருக்கு ஒரு வேலையும் தங்க இடமும் கிடைத்தன. கிடைக்காமற்போனவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியாது.

மான்செஸ்டரில் ஒரு வளர்ப்புத் தாய்

“இதெல்லாம் பெரிய பெரிய ஸ்தாபனங்களின் வேலை. குடித்தனம் நடத்துகிற நம்மால் என்ன முடியும்?” என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் சொல்ல, கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

மான்செஸ்டர் நகரில் 1989-ஆம் ஆண்டு ஆல்பர்ட் கென்னடி என்ற பதினாறு வயதுப் பையன், மோட்டார் நிறுத்தும் கட்டடம் ஒன்றின் மேல்தளத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். குழந்தைகள் விடுதியிலிருந்து ஓடி வந்தவன். தன்பாலீர்ப்பாளன் என்பதால் பட்ட இம்சைகள் பல. செய்தி கேட்டு மனம் பொறுக்காத ஒருவர் காத் ஹால் என்ற பெண்மணி. அவர் மந்திரி அல்ல, பிரபுவின் மனைவி அல்ல. திக்கற்ற குழந்தைகளைத் தம் வீட்டில் வைத்து வளர்த்து அனுபவப்பட்டவர், அவ்வளவுதான். அவர் முயற்சியால் அதே ஆண்டு ஆல்பர்ட் கென்னடியின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தோன்றியது. அதன் யோசனை மிக எளிமையானது. ‘உங்கள் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதா? நாங்கள் உங்களைப் பற்றி விசாரித்து, பயிற்சி கொடுத்து, ஒரு பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்கிறோம். தன் காலில் நிற்கும் வரை அது உங்கள் வீட்டில் இருக்கட்டும்.’ அந்த ஸ்தாபனம் இன்றும் நடந்து வருகிறது.

அமெரிக்காவிலும் இப்படியே. வீடற்று நியூயார்க் தெருக்களில் வாழ்ந்த ஆலி ஃபார்னி என்ற இளம் பிராயத்தவர் 1997-இல் கொலையுண்டார். அவரை அறிந்திருந்த கார்ல் சிசிலியானோ என்பவர் 2002-இல் ஒரு மாதாகோவிலில் ஆறே ஆறு படுக்கைகளோடு ஓர் இல்லம் தொடங்கினார். அது பிறகு பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. ஆறு படுக்கை என்பது நம் ஊர்க் கல்யாணச் சத்திரத்து அறை ஒன்றில் அடங்கிவிடும்!

நம் நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. கதியற்ற திருநங்கை, திருநம்பியருக்காக மத்திய அரசு ‘கரிமா கிருஹ்’ என்ற இல்லங்களை ஏற்படுத்தியது. கௌரவ இல்லம் என்று பொருள். முதலாவது இல்லம் 2020 நவம்பரில் வடோதராவில் தொடங்கியது. முதற்கட்டமாகத் திட்டமிட்ட 12 இல்லங்களில் சென்னைக்கும் ஒன்று. உணவு, உடை, தங்குமிடத்தோடு தொழிற்பயிற்சியும் உண்டு. ஆனால் 2023-இல் மானியம் வந்து சேரத் தாமதமாகி இல்லங்கள் பல திண்டாடின. உலை ஏற்றும் நேரத்தில் அரிசி இல்லை என்றால் எந்தத் திட்டந்தான் என்ன செய்யும்? அந்தச் சமயங்களில்தான் தொண்டர்களின் அருமை தெரிகிறது.

தொண்டர் செய்வது என்ன?

பெரிய பிரசங்கம் ஒன்றும் இல்லை. முதலில் சூடாகச் சோறு. பிறகு பயமில்லாமல் தூங்க ஓர் இடம். “ஏன் வந்தாய், என்ன செய்தாய்” என்ற விசாரணை அன்றிரவு வேண்டாம். பல நாள் தூக்கம் இழந்த பிள்ளை அது. அதன் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குத் தகவல் சொல்லக் கூடாது. போட்டோ பிடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டாரிடம் கதையாகவும் சொல்லக் கூடாது. அது எந்தப் பெயரைத் தன் பெயராகச் சொல்கிறதோ, அந்தப் பெயரால் கூப்பிட வேண்டும். இது ஒன்றுக்காகவே ஏங்கிக் கிடக்கும் பிள்ளைகள் உண்டு.

மறுநாள் முதல் மற்ற வேலைகள். அவசரமாக ஓடி வந்தவர்களிடம் பள்ளிச் சர்ட்டிபிகேட் இருக்காது, ஆதார் அட்டை இருக்காது. அவை இல்லாமல் வேலையும் இல்லை, வாடகைக்கு அறையும் இல்லை. ஆகவே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க ஒரு தொண்டர் வேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போக ஒரு வக்கீல் வேண்டும். உடம்புக்கு ஒரு டாக்டர், மனத்துக்கு ஓர் ஆலோசகர். கடைசியாக, பெற்றோரோடு பேசப் பொறுமைசாலி ஒருவர் வேண்டும். இது மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் நடக்கும் வேலை. முதலில் டெலிபோனை வைத்துவிடுவார்கள், பிறகு திட்டுவார்கள், ஒரு நாள், “சாப்பிடுகிறாளா?” என்று அம்மா கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடும்.

மதுரையில் 2011-இல் மாணவர்களே சேர்ந்து ‘சிருஷ்டி’ என்ற தொண்டர் குழுவை அமைத்தார்கள். கோபி ஷங்கர் என்ற இளைஞர் முன்னின்று தொடங்கியது அது. மறு ஆண்டு மதுரை வீதியில் வானவில் கொடியோடு ஊர்வலமும் நடத்தினார்கள். பம்பாயில் 2017 முதல் பெற்றோர்களே கூடி ‘ஸ்வீகார்’ என்ற சங்கம் நடத்துகிறார்கள். தம் பிள்ளையை ஏற்றுக்கொண்ட ஒரு தாய், ஏற்க முடியாமல் தவிக்கும் இன்னொரு தாயிடம் பேசுகிறாள். தாய்க்குத் தாய் சொல்லும் வார்த்தைக்கு உள்ள பலம் நிபுணர் வார்த்தைக்கும் உண்டா?

நம்மால் ஆவது

சகோதரிகளே! யாரோ முன்பின் தெரியாதவரைத் திடீரென்று வீட்டுக்குள் அழைத்து வாருங்கள் என்று சொல்லவில்லை. அது அவர்களுக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. நடந்துவரும் ஓர் இல்லத்தையோ தொண்டு நிறுவனத்தையோ நேரில் கண்டு, விசாரித்து, அதன் மூலமாகவே செய்யுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையானால் 1098 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும்; குழந்தைகள் நலக் குழுவினர் பார்த்துக்கொள்வார்கள். ஆபத்தில் இருக்கும் பெண்களுக்கு 181 என்ற எண் இருக்கிறது.

மற்றபடி, உங்கள் கைக்குத் தெரிந்த எதுவும் அங்கே உபயோகப்படும். தையல் தெரியுமா? வாரம் ஒரு நாள் சொல்லிக் கொடுங்கள். பாங்கியில் வேலை பார்த்து ரிடையரானவரா? கணக்குத் திறப்பதற்கும் பாரங்கள் நிரப்புவதற்கும் உதவுங்கள். மாதச் சாமானில் ஐந்து கிலோ அரிசியும் இரண்டு கிலோ பருப்பும் கூடச் சேர்த்து வாங்கி அனுப்புங்கள். உங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு ஆள் தேடும்போது, திருநங்கை ஒருவர் வேலைச் சான்றோடு வந்து கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள். தீபாவளியன்று அந்த இல்லத்துக்குப் பட்சணத்தோடு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். வீடற்றவர்களுக்குப் பண்டிகை நாளைவிடக் கொடிய நாள் வேறில்லை.

முன்பின் தெரியாதவர்களுக்கு உபசாரம் செய்வது நமக்குப் புதிதா? தைப்பூசக் காலத்தில் பழனிப் பாதையைப் பாருங்கள். நடந்து வரும் ஜனங்களுக்கு வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலும் மோரும் சாப்பாடும். “நீ எந்த ஊர், என்ன ஜாதி, ஏன் நடக்கிறாய்?” என்று கேட்டுவிட்டா மோரை ஊற்றுகிறார்கள்? நடந்து களைத்தவர் என்பது போதும்.

கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் குறிஞ்சியாண்டவர் கோவிலுக்குப் போகாமல் திரும்புவதில்லை. 1936-இல் அந்தக் கோவிலைக் கட்டியவர் யார் தெரியுமா? இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார். வேற்று நாட்டில், வேற்று மதத்தில் பிறந்தவர். வீட்டைத் துறந்து வந்த அந்தத் தமிழ்ப் பிள்ளைக்கு, எங்கிருந்தோ வந்த ஒரு பெண் மலை உச்சியில் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்!

மூடுபனி விலகிய நாளில் அந்தக் கோவிலருகே நின்று வடக்கே நோக்கினால், வெகு தூரத்தில், கீழே, பழனி மலை சின்னஞ்சிறு குன்றாகத் தெரியும். அடுத்த முறை போகும்போது குழந்தைகளுக்கு அதைக் காட்டுங்கள். கதையையும் சொல்லுங்கள். ஆனால் பிள்ளை கோபித்துக்கொண்டு போனதோடு நிறுத்திவிடாதீர்கள். பெற்றவர்கள் பின்னாலேயே தேடிக்கொண்டு போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகளில் ஒன்றுக்கு, என்றைக்காவது, அந்தப் பகுதி தேவைப்படலாம்.